சிக்னல் போனதும் "டவர் பிரச்சினை" என்ற பதிலை ஏற்காதீர்கள்: இ-சிம் மாற்று மோசடி பற்றிய எச்சரிக்கை

திருச்சியில் பெயிண்ட் கடை நடத்தும் என் அத்தானின் கைபேசி எண்ணை, அவருக்கே தெரியாமல் இ-சிம்மாக (தனி அட்டை இல்லாமல் கைபேசிக்குள்ளேயே இறங்கும் சிம்) மாற்றித் தன் கைபேசியில் ஏற்றிக்கொண்ட ஒருவன், அந்த எண்ணோடு இணைந்திருந்த வங்கிக் கணக்கிலிருந்து ரூ.3,40,000 எடுத்துவிட்டான். இத்தகைய திருட்டு புதிதன்று. 2020ஆம் ஆண்டிலேயே ஹைதராபாத்தை அடுத்த சைபராபாத் காவல்துறை இதே முறையில் நடந்த மோசடிகளைப் பற்றி எச்சரித்திருக்கிறது. ஆனால் எண் பறிபோனதற்கும் பணம் பறிபோனதற்கும் இடையே ஒரு முழு நாள் இருந்தது என்பதும், அந்த ஒரு நாளில் என் அக்கா முறையாகப் புகார் செய்தும் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையம் "டவர் வேலை நடக்கிறது" என்று சொல்லி அனுப்பிவிட்டது என்பதும் பலருக்குப் பயன்படும் என்பதால் இதை எழுதுகிறேன். புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரையும் வங்கியின் பெயரையும் குறிப்பிடவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், "உங்கள் சிம் பழைய வகையைச் சேர்ந்தது, இன்றைக்குள் டிஜிட்டல் சிம்மாக மாற்றாவிட்டால் சேவை நிறுத்தப்படும்" என்ற குறுஞ்செய்தி அத்தானுக்கு வந்தது. அனுப்பியவர் என்ற இடத்தில் சாதாரணப் பத்து இலக்கக் கைபேசி எண்தான் இருந்தது. தொலைபேசி நிறுவனமோ வங்கியோ அனுப்பும் செய்தி, எழுத்துகளால் ஆன தலைப்போடுதான் வரும். 2025 மே மாதத்திலிருந்து அந்தத் தலைப்பின் இறுதியில், அது விளம்பரமா, சேவைச் செய்தியா, பரிவர்த்தனைச் செய்தியா, அரசுச் செய்தியா என்பதைக் காட்டும் ஓர் எழுத்தும் சேர்க்கப்படுகிறது. சனிக்கிழமை மதியம் சம்பளம் போடும் நேரத்தில், கடையில் நிற்கும் மனிதர் இதையெல்லாம் நின்று பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. மோசடிக்காரர்களும் அதை எதிர்பார்ப்பதில்லை.

சிறிது நேரத்தில் அழைப்பு வந்தது. பேசியவன் நல்ல தமிழில், பொறுமையாக, "சார்" என்ற சொல்லைத் தவறவிடாமல் பேசியிருக்கிறான். முதலில் ஒரு படிவத்தின் இணைப்பை அனுப்பி, பத்து ரூபாய் கட்டணம் என்று சொல்லி டெபிட் கார்டு விவரங்களை அதில் நிரப்பச் செய்தான். அடுத்து ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, அதை அப்படியே நிறுவனத்தின் சேவை எண்ணுக்கு அனுப்பச் சொன்னான். அந்தச் செய்தியில் இருந்தது ஒரு மின்னஞ்சல் முகவரி. அத்தானின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து உருவாக்கப்பட்டிருந்ததால், பார்ப்பதற்கு அவருடைய முகவரியைப் போலவே இருந்தது. உண்மையில் அது மோசடிக்காரன் அன்று காலை உருவாக்கியதாக இருக்கலாம். அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததும், அத்தானின் எண்ணுக்கான பதிவு மின்னஞ்சலாக அந்த முகவரி நிறுவனத்தின் கணினியில் ஏறிவிட்டது.

மீதி வேலை எளிது. இ-சிம் வேண்டும் என்ற கோரிக்கையும் அதே வழியில் அத்தானின் கைபேசியிலிருந்தே போயிற்று. உறுதிப்படுத்த விரும்பினால் 60 நொடிகளுக்குள் 1 என்று பதில் அனுப்பவும் என்று நிறுவனத்திலிருந்து செய்தி வந்தபோது, எதிர்முனையில் இருந்தவன், "ஒன்னு அடிச்சு அனுப்புங்க சார், டைம் முடிஞ்சா திரும்ப முதல்லேர்ந்து பண்ணணும்" என்று அவசரப்படுத்தியிருக்கிறான். கடையில் ஒருவர் இருபது லிட்டர் பிரைமர் கேட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அத்தான் 1 என்று அனுப்பினார். இ-சிம்மை இறக்குவதற்கான க்யூஆர் கோடு மோசடிக்காரனின் மின்னஞ்சலுக்குப் போனது. மாலை ஐந்து மணி வாக்கில் கைபேசியின் மேல்மூலையில் சிக்னல் கோடுகள் மறைந்து "சேவை இல்லை" என்று வந்தது.

இதில் இ-சிம் தொழில்நுட்பத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. கைபேசிக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட ஒரு சிப்பில், நிறுவனத்தின் சர்வரிலிருந்து சிம் விவரங்கள் இறங்குகின்றன. அந்தச் சிப்புக்கு இஐடி என்று 32 இலக்க அடையாள எண் உண்டு, *#06# என்று அழுத்தினால் கைபேசியின் அடையாள எண்ணான ஐஎம்இஐயோடு சேர்ந்து அது திரையில் தெரியும். நிறுவனம் அனுப்பும் க்யூஆர் கோட்டில் இருப்பவை, அந்த சர்வரின் முகவரியும் ஒருமுறை மட்டும் செல்லுபடியாகும் குறியீடும்தான். அதை யார் முதலில் ஸ்கேன் செய்கிறாரோ அவர் கைபேசியில் எண் இறங்கிவிடும். ஆகவே க்யூஆர் கோடு எந்த முகவரிக்குப் போகிறது என்பதுதான் முழுப் பாதுகாப்பும். அந்த முகவரியை ஒரே ஒரு குறுஞ்செய்தியால் மாற்றலாம், மாற்றிய கையோடு இ-சிம்மும் கேட்கலாம் என்று ஒரு நிறுவனம் வழி வைத்திருப்பது, என் கருத்தில், வாடிக்கையாளரின் அலட்சியத்தைவிடப் பெரிய அலட்சியம்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருகிறேன். சிம் மாற்றப்பட்ட பிறகு 24 மணி நேரத்துக்கு அந்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி வருவதும் போவதும் நிறுத்தி வைக்கப்பட வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2022ஆம் ஆண்டு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டிருக்கிறது. சிம்மைத் திருடியவன் உடனே ஓடிபி பெற்றுவிடக் கூடாது, உரியவர் விழித்துக்கொள்ள அவகாசம் வேண்டும் என்பதே இதன் நோக்கம். அதாவது, எண் போன நொடியிலிருந்து நமக்காகவே அரசு ஒதுக்கிய நேரம் அது. மோசடிக்காரர்களுக்கும் இந்த விதி நன்றாகத் தெரியும். வார இறுதியில் மாற்றினால் 24 மணி நேரம் ஞாயிறு மாலையில் முடியும், அதற்குள் வங்கிக் கிளையும் திறக்காது, எங்கள் பகுதியில் உள்ள நிறுவனத்தின் விற்பனை மையமும் திறக்காது.

அக்கா விவரமானவள். சிக்னல் போன அரை மணி நேரத்திலேயே, வேறு நிறுவனத்தின் இணைப்பில் இருந்த தன் கைபேசியிலிருந்து சேவை மையத்தை அழைத்தாள். "உங்க ஏரியால டவர் மெயின்டனன்ஸ் போயிட்டிருக்கு மேடம், இருபத்துநாலு மணி நேரத்துல சரியாயிடும்" என்று பதில் வந்தது. கடையில் வேலை செய்யும் பையனின் கைபேசியும் அதே நிறுவனத்தின் இணைப்புதான், அதே மேசை மேல்தான் இருக்கிறது, அதில் சிக்னல் முழுதாக இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, கைபேசியை அணைத்துப் போடுமாறும் சிம்மை எடுத்துத் துடைத்துப் போடுமாறும் சொன்னார்கள். செயலிழந்துபோன பிளாஸ்டிக் துண்டைத் துடைத்து என்ன ஆகப்போகிறது?

அன்று இரவே இரண்டாவது அறிகுறியும் வந்தது. அத்தானின் வாட்ஸ்அப், அவருடைய எண் வேறொரு கைபேசியில் பதிவு செய்யப்பட்டுவிட்டதாகச் சொல்லி வெளியேறியது. குறுஞ்செய்திக்குத் தடை இருந்தாலும் அழைப்புக்குத் தடை இல்லை. வாட்ஸ்அப் தன் சரிபார்ப்பு எண்ணை அழைப்பு மூலமாகவும் சொல்லும். சிறிது நேரத்தில் உறவினர்களுக்கும் கடையின் வாடிக்கையாளர்களுக்கும் அவசரமாகப் பணம் கேட்டுச் செய்திகள் போயின. அக்கா மறுபடியும் சேவை மையத்தை அழைத்து இதையும் சொன்னாள். "அது வாட்ஸ்அப் கம்பெனி பிரச்சினை மேடம், நாங்க ஒன்னும் பண்ண முடியாது" என்றார்கள். அந்த எண்ணின் பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தாலே, அன்று மாலைதான் மின்னஞ்சல் மாறியதும், அடுத்த சில நிமிடங்களில் சிம் வகை மாறியதும் எழுத்தில் நின்றிருக்கும். திங்கட்கிழமை காலையில் விற்பனை மையத்தில் இருந்த இளைஞர் அதைத்தான் ஒரே பார்வையில் படித்துச் சொன்னார்: "இது இ-சிம்மா மாறியிருக்கே சார். நீங்கதானே ரிக்வெஸ்ட் கொடுத்திருக்கீங்க?"

அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஞாயிறு மாலை குறுஞ்செய்தித் தடை விலகியதும், கார்டு விவரங்களைக் கொண்டு இணைய வங்கியின் கடவுச்சொல்லை மாற்றி, வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்து, பணத்தைப் பல கணக்குகளுக்குச் சிதறடித்திருந்தான். வங்கியின் எச்சரிக்கைச் செய்திகள் அனைத்தும் முறையாக அவனுடைய கைபேசிக்கே போய்ச் சேர்ந்தன.

திங்கட்கிழமை, இணைய நிதி மோசடிகளுக்கான 1930 என்ற தேசிய உதவி எண்ணை அழைத்துப் புகார் பதிவு செய்தோம். இந்த எண்ணில் சொல்லப்படும் புகார், பணம் போய்ச் சேர்ந்த வங்கிகளுக்கு நேரடியாக அனுப்பப்பட்டு, எஞ்சியிருக்கும் தொகை முடக்கப்படுகிறது என்பதால், காவல் நிலையத்துக்குப் போவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஒரு பகுதி முடக்கப்பட்டிருக்கிறது. நீதிமன்ற ஆணை பெற்று அதை விடுவிக்க முயல்கிறோம். பெரும்பகுதி முதல் சில மணி நேரத்திலேயே கைமாறி வெளியே போய்விட்டது.

வங்கி என்ன சொல்கிறது என்றால், கார்டு விவரத்தை வாடிக்கையாளரே கொடுத்ததால் இழப்பு அவருடையது என்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நேர்ந்த இழப்பை, அவர் வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரே ஏற்க வேண்டும்; தெரிவித்த பிறகு நடக்கும் பரிவர்த்தனைகளின் இழப்பு வங்கியைச் சேரும். பொறுப்பு வாடிக்கையாளருடையதுதான் என்று நிரூபிக்கும் கடமையும் வங்கிக்கே உண்டு. சனிக்கிழமை மாலையே, தொலைபேசி நிறுவனத்தை அழைத்த கையோடு, வங்கியின் 24 மணி நேர எண்ணையும் அழைத்துக் கார்டையும் இணைய வங்கியையும் யுபிஐயையும் முடக்கச் சொல்லியிருந்தால், இந்தச் சுற்றறிக்கையே போதுமானதாக இருந்திருக்கும். டவர் வேலை என்று சொன்னவர்களின் பேச்சால் அந்த அழைப்பு போகவில்லை.

எனவேதான் தொலைபேசி நிறுவனத்தை விடப்போவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். புகாருக்கு அவர்கள் தந்த பதில், "வாடிக்கையாளரே உறுதிப்படுத்தினார், எங்கள் நடைமுறை சரியாகப் பின்பற்றப்பட்டது" என்ற ஒற்றை வரி. சனிக்கிழமை அழைப்புகளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நல்லவேளையாக அக்கா இரண்டு அழைப்புகளின் புகார் எண்களையும் குறித்து வைத்திருந்தாள். அவற்றோடு நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதியிருக்கிறோம். அங்கும் இதே பதில் வந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம். தொலைபேசிச் சேவைக் குறைபாட்டை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகத் தீர்ப்பளித்திருக்கிறது. மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலர், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் தீர்ப்பளிக்கும் அலுவலராக இருப்பதால், அவரிடமும் இழப்பீடு கோரலாம். இந்த வழி பலருக்குத் தெரிவதே இல்லை.

உங்களுக்கு உண்மையாகவே இ-சிம் தேவைப்பட்டால், நிறுவனத்தின் செயலியிலோ நேரில் விற்பனை மையத்திலோ நீங்களாகத் தொடங்குங்கள். யாராவது அழைத்துத் தொடங்கி வைத்தால் அது நிறுவனம் இல்லை. தொடங்குவதற்கு முன், பதிவாகியிருக்கும் மின்னஞ்சல் உங்களுடையதுதானா என்று செயலியில் பாருங்கள். இ-சிம் வேண்டாதவர்களும் இதை இன்றே பார்த்துவிடலாம். மாற்றம் முடிந்ததும் ஒரு நாளுக்குக் குறுஞ்செய்தி வராது என்பதால், வங்கி வேலை ஏதும் இல்லாத நாளாகத் தேர்ந்தெடுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். வங்கி எச்சரிக்கைகள் குறுஞ்செய்தியோடு மின்னஞ்சலுக்கும் வரும்படி செய்துகொள்ளுங்கள். உங்கள் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம், மோசடி அழைப்புகளை அங்குள்ள சக்ஷு பகுதியில் புகார் செய்யலாம். ஆனால் உங்கள் எண் வேறொருவரின் இ-சிம்மாக மாறியிருப்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து அறிய முடியாது.

காரணம் தெரியாமல் சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவரின் அதே நிறுவன இணைப்பு வேலை செய்தால், சேவை மையத்திடம் "டவர் பிரச்சினையா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்று சொல்லிவிடுவார்கள். "இந்த எண்ணில் இன்று சிம் மாற்றமோ மின்னஞ்சல் மாற்றமோ நடந்திருக்கிறதா, பார்த்துச் சொல்லுங்கள், நடந்திருந்தால் இப்போதே எண்ணை முடக்குங்கள்" என்று கேளுங்கள். புகார் எண்ணையும் பேசியவரின் பெயரையும் அழைத்த நேரத்தையும் எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த அழைப்பை வங்கிக்குச் செய்யுங்கள். இதே போன்ற பதிலைப் பெற்றுப் பணத்தை இழந்தவர்கள் யாரேனும் இருந்தால், மேல்முறையீட்டில் உங்களுக்கு என்ன பதில் கிடைத்தது என்பதைத் தெரிவியுங்கள். எங்கள் மனுவோடு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.