விர்ச்சுவல்பாக்ஸ் ஷேர்டு ஃபோல்டர்: நெட்டைப் பிடுங்கினாலும் ஓடுகிறது
கோத்தகிரியில் மழை பிடித்துக்கொண்டால் முதலில் கரண்ட் போகும், அது வந்த பிறகும் நெட் வராது. அப்படி இருந்தும், ஒரே லேப்டாப்பில் லினக்ஸில் இருக்கும் கோப்பை, அதற்குள்ளேயே ஓடும் விண்டோஸ் ஜன்னலுக்குக் கொண்டுபோக அதை எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றி, மறுபடி இறக்கிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம். நெட் இல்லாத நாளில் பென் டிரைவ், அதுவும் ஒரு முறை ஜெர்க்கின் பையோடு துவைக்கப்பட்டது.

எங்கள் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயிகள் சிலருக்குப் பசுந்தேயிலைக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ் மின்ட். கணக்கு மென்பொருளோ விண்டோஸ் 7ஐ விட்டு நகராது, அதனால் அதை விர்ச்சுவல்பாக்ஸுக்குள் (ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) வைத்திருக்கிறேன். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியோடு பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அதை நெட்டில் விடவே பயம். ஷேர்டு ஃபோல்டர், அதாவது வெளியே இருக்கும் லினக்ஸும் உள்ளே இருக்கும் விண்டோஸும் பகிர்ந்துகொள்ளும் ஃபோல்டர், எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான்: அதற்கு நெட்வொர்க்கே தேவையில்லை. உள்ளே இருக்கும் கணினியின் நெட்வொர்க் அடாப்டரை முழுதாக அணைத்துவிட்டேன், ஃபோல்டர் அப்படியே திறக்கிறது. விண்டோஸில் பார்த்தால் நெட்வொர்க் டிரைவ் மாதிரி ஒரு எழுத்தோடு நிற்கும், ஆனால் கோப்பு விர்ச்சுவல்பாக்ஸ் வழியாகவே போய் வருகிறது.

அமைப்பது பத்து நிமிட வேலை. முதலில் விர்ச்சுவல்பாக்ஸின் டிவைசஸ் மெனுவில் இருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் (உள்ளே இருக்கும் கணினிக்கான துணை மென்பொருள்) சிடியைச் செருகி உள்ளே நிறுவ வேண்டும், அது இல்லாமல் எதுவும் நடக்காது. அப்புறம் செட்டிங்ஸில் ஃபோல்டரைச் சேர்த்து ஆட்டோ மவுண்ட்டை டிக் செய்தால் போதும். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்க்கிறீர்கள் என்றால் நிரந்தரமாக்கும் பெட்டியையும் டிக் செய்யுங்கள், நான் அதைக் கவனிக்காமல் விட்டு, மறுநாள் திறந்தபோது ஃபோல்டரைக் காணாமல் முழித்தேன்.

எதைப் பகிர்கிறீர்கள் என்பதில்தான் யோசனை வேண்டும். சோம்பல்பட்டு ஹோம் ஃபோல்டர் முழுவதையும் கொடுத்துவிட்டால், உள்ளே ஒரு வைரஸ் வந்தால் வெளியே இருக்கும் குழந்தை போட்டோ வரைக்கும் அதன் கைக்குப் போய்விடும். நான் இரண்டு தனி ஃபோல்டர் வைத்திருக்கிறேன்: உள்ளே போகும் எடைச் சீட்டுகளுக்கு ஒன்று, ரீட் ஒன்லி, வெளியே வரும் ரசீது பிடிஎஃப்களுக்கு மட்டும் எழுதும் அனுமதியோடு இன்னொன்று.

இன்னொன்று, கணக்கு மென்பொருளின் டேட்டா கோப்பைப் பகிர்ந்த ஃபோல்டரிலேயே வைத்து ஓட்டாதீர்கள். கோப்பைப் பூட்டி எழுதும் மென்பொருள்கள் அங்கே தகராறு செய்யலாம். சி டிரைவில் வேலை செய்யுங்கள், முடிந்ததும் பிரதியை இங்கே போடுங்கள், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகளை அள்ளிப் போட்டாலும் ஆமை வேகம்தான், ஜிப் செய்து அனுப்பினால் சட்டென்று முடியும். இழுத்துப் போடும் வசதியும் உண்டு, எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கிளிப்போர்டு பகிர்வு மட்டும் எண்களை ஒட்ட வசதியாக இருக்கிறது.

உள்ளே விண்டோஸுக்குப் பதில் உபுண்டு (இன்னொரு வகை லினக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் அண்ணன் மகன் கல்லூரி வேலைக்காக வைத்திருக்கிறான், ஃபோல்டர் மீடியா (/media) என்ற ஃபோல்டருக்குள் எஸ்எஃப் (sf_) என்ற முன்னொட்டோடு கண்ணுக்குத் தெரிகிறது, திறந்தால் அனுமதி இல்லை என்கிறது. ஒரு சாயங்காலம் முழுக்க அதோடு மல்லுக்கட்டிவிட்டு, "சித்தப்பா, இது கெட்டுப்போச்சு" என்று எடுத்து வந்தான். கெடவில்லை, பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் (vboxsf) என்ற, இந்த ஃபோல்டரைத் திறக்க அனுமதி உள்ள குழுவில் சேர்த்து, ஒரு முறை லாக் அவுட் செய்து உள்ளே வர வேண்டும். அந்த லாக் அவுட்டைத்தான் அவன் செய்யவில்லை.

5க்கு 4 கொடுப்பேன். விர்ச்சுவல்பாக்ஸை அப்டேட் செய்தால் கெஸ்ட் அடிஷன்ஸையும் ஞாபகமாக அப்டேட் செய்ய வேண்டியிருக்கிறதே, அதற்காக ஒன்று குறைத்தேன்.