பதின்மூன்று வருடம் ஓடிய ஒரு சாயல்

காரின் பெயரை எழுதப்போவதில்லை. விற்ற நிறுவனத்தோடு வழக்காட எனக்கு ஆயுள் போதாது. சீனாவில் செய்தது, சிறியது, 2012இல் யாழ்ப்பாணத்தில் லீசிங் போட்டுப் புதிதாக எடுத்தேன், இதுவரை 138,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இவ்வளவு போதும். முகம் ஒரு ஜப்பானியக் காரை அச்சில் வார்த்ததுபோல இருக்கும். அது எந்தக் கார் என்றும் கேட்காதீர்கள். எங்கள் ஊரில் தெருவுக்கு ஒன்று நிற்கும்.

முதல் சில மாதங்கள் அந்த முகத்துக்கு நல்ல மரியாதை. கோயில் வாசலில் நிறுத்தினால் யாராவது "அண்ணை, ஜப்பானோ?" என்று கேட்டபடி கிட்ட வருவார்கள். முன்னால் நின்று பார்ப்பார்கள், பின்னால் போவார்கள், எழுத்தைப் படிப்பார்கள். பிறகு "ஓ... சைனா" என்று ஒரு இழுவை. என் காரைப் பற்றிய பொதுசன அபிப்பிராயம் முழுவதும் அந்த இழுவைக்குள் அடங்கிவிடும்.

அக்காவின் கணவர் இழுக்கவெல்லாம் மாட்டார். "இந்தக் காசுக்குப் பத்து வருடம் ஓடிய ஜப்பான் எடுத்திருக்கலாம். விற்கும்போது போட்ட காசாவது வந்திருக்கும்" என்று கலியாண வீட்டுப் பந்தியில் வைத்தே சொன்னார். இலங்கையில் கார் வாங்குகிறவர் ஓட்டுவதற்கு மட்டும் வாங்குவதில்லை, விற்பதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார். வரி போடுகிற போட்டில் கார் என்பது நகை மாதிரி. எனக்கோ புதுக் கார் வேண்டும், உத்தரவாதம் வேண்டும், பின் இருக்கையில் அம்மாவுக்குக் குளிர்காற்று வேண்டும். மூன்றும் என் காசுக்குள் கிடைத்த இடம் அதுதான்.

இன்ஜின் ஒருநாளும் நடுவழியில் விட்டதில்லை. கொக்குவிலில் இருக்கும் என் மெக்கானிக் முதல் நாளே பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு, "இது மிட்சுபிஷி வகை, பயப்படாதீர்கள்" என்றார். அந்தக் காலத்துச் சீன நிறுவனங்கள் பல, ஷென்யாங்கிலும் ஹார்பினிலும் மிட்சுபிஷி பங்காளியாக இருந்த தொழிற்சாலைகளின் இன்ஜின்களை வாங்கித்தான் பூட்டின. டைமிங் பெல்ட் இரண்டு தடவை மாற்றினேன், கிளட்ச் ஒரு தடவை. ஏ9 வீதியில் லீற்றருக்கு 15 கிலோமீட்டர், ஊருக்குள் ஏசி போட்டால் 11.

சோதனை வந்தது ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும். இரண்டாவது வருடம் கதவு ரப்பர் கருவாடுபோல விறைத்தது. மாரியில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் நின்றது. நான்காவது வருடம் யாழ்ப்பாணத்து வெயிலில் டாஷ்போர்டு வெடித்தது, சரியாகப் பிள்ளையார் சிலை ஒட்டியிருந்த இடத்தில். பிள்ளையாரை நகர்த்தவில்லை, வெடிப்பை மறைக்க அவர்தான் இருக்கிறார். உட்புறக் கதவுப்பிடி மூன்று உடைந்தன. முன்சில்லுகளின் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் 40,000 கிலோமீட்டருக்குள் தேய்ந்து, பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பாக்கு உரலில் இடிப்பதுபோலச் சத்தம். நகல் என்று ஏளனம் செய்தவர்கள் எல்லோரும் தகட்டைத்தான் பார்த்தார்கள். தகடு இன்றும் துருப்பிடிக்காமல் இருக்கிறது. பார்த்து நகல் எடுக்க முடியாத சாமான்கள்தான் கைவிட்டன.

2017இல் கிளிநொச்சிக்கு இப்பால் ஓர் ஆடு குறுக்கே பாய்ந்தது. ஆடு எழுந்து போய்விட்டது, வலது முன்விளக்கு போய்விட்டது. கார் விற்ற இடத்தில் கேட்டால் கப்பலில் வர வேண்டும், இரண்டு மாதம் என்றார்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் எதுவும் கிடைக்கும் என்பார்கள். என் விளக்கு அங்கேயும் இல்லை. ஆனால் அந்த ஜப்பானியக் காரின் விளக்கு கடைக்குக் கடை தொங்கியது. மெக்கானிக்கிடம் தொலைபேசியில் கேட்டேன். "ஒரே முகம்தானே, கொண்டுவாருங்கள்" என்றார். கொண்டுவந்தேன். கண்ணாடியின் வளைவு அப்படியே உட்கார்ந்தது, பம்பரோடு சேரும் விளிம்பும் உட்கார்ந்தது. ஒரே ஒரு ஆணித்துளை மட்டும் சுண்டுவிரல் நகத்தளவு தள்ளி நின்றது. அவர் சற்றுநேரம் இரண்டு துளைகளையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு ஒரு இரும்புத் தகட்டை வெட்டி, இரண்டு பக்கமும் துளைபோட்டு, இடையில் வைத்து முறுக்கினார். அன்றிலிருந்து இரவில் வலது கண் வெள்ளை, இடது கண் மங்கல் மஞ்சள்.

சாயலுக்காக நீதிமன்றம் போனவர்களும் உண்டு. 2003இல் வந்த செரி கியூகியூ என்ற சீனக் கார், கொரியாவின் டேவூ மாட்டிஸின் இரட்டைப் பிள்ளை. அமெரிக்க ஜிஎம் நிறுவனத்தின் கொரியக் கிளையான ஜிஎம் டேவூ 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் சமரசமாகப் போனது. ஒன்றின் கதவைக் கழற்றி மற்றதில் அப்படியே பூட்டலாம் என்று ஜிஎம் தரப்பில் அன்று சொன்னார்கள். எனக்கு ஒரு விளக்குக்கே தகடு வெட்ட வேண்டியிருந்தது. ரேஞ்ச் ரோவர் இவோக்கைப் பார்த்துச் செய்த லாண்ட்விண்ட் எக்ஸ்7 என்ற சீனக் காரின் விற்பனையை நிறுத்தச் சொல்லி 2019இல் பெய்ஜிங் நீதிமன்றம் ஒன்று தீர்ப்புக் கொடுத்தது. சீனாவிலேயே ஒரு வெளிநாட்டுக் கார் நிறுவனம் அப்படி வெல்வது அபூர்வம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். அதோடு என் காரின் குலம் கோத்திரம் எல்லாம் மறந்துபோனது. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் அட்டைக்குக் கிழமைக்கு 20 லீற்றர் தந்த நாட்களில், பெற்றோல் செட் வரிசையில் பின்னால் நின்றவர் இறங்கி வந்து "விற்கிற எண்ணம் இருக்கிறதா?" என்று கேட்டார். அவர் சொன்ன தொகை நான் வாங்கிய விலையைவிட அதிகம். விற்கவில்லை. விற்றால் வேறு எதை வாங்குவது?

2025 பெப்ரவரியில் இறக்குமதி மறுபடி திறந்தது. அக்காவின் மகன் பிவைடி எடுத்தான். கொரோலாவின் சாயலில் 2005இல் எஃப்3 செய்த நிறுவனம் அது என்று சொன்னேன். "சும்மா சொல்லாதீர்கள் மாமா" என்றான். அவன் தகப்பன், பந்தியில் எனக்குப் பாடம் எடுத்த அதே மனிதர், மகனின் சீனக் காரில் கதவைப் பஞ்சுபோலச் சாத்திவிட்டு இறங்கி, என் காரைச் சுற்றி வந்தார். தன் பெட்டிக்கடைப் பையனுக்கு ஒரு பழைய கார் தேவையாம். டாஷ்போர்டைப் பார்த்தார், பிள்ளையாரைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. முன்னால் போய்க் குனிந்து வலது விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இது மட்டும் ஜப்பானோ?" என்றார்.