ஊட்டி வீட்டுக்கு எமல்ஷனா, ஆயில் பெயிண்டா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பல வீடுகளில் ஓதம் தெரியாமலிருக்க, சுவரின் அடியில் நாலடி உயரத்துக்கு ஆயில் பெயிண்ட், அதாவது எனாமல், அடிக்கிறார்கள். துடைக்க வசதிதான். ஆனால் ஓதச் சுவருக்கு இதைவிடக் கெடுதல் வேறில்லை. எனாமல் படலம் ஆவியை வெளியே விடாது. மழையில் ஊறிய சுவர் பிப்ரவரி வெயிலில் காயப் பார்க்கும்போது பெயிண்ட் அப்பளமாய் உப்பிவிடும். அந்தக் கொப்புளத்தை நகத்தால் கீறினால் உள்ளே ஈரமும் வெள்ளை உப்புத்தூளும் இருக்கும். புதுப் பூச்சில் இன்னும் மோசம்: சிமெண்டின் காரம் எனாமலின் எண்ணெயைச் சோப்பாக்கி, பிசுபிசுத்து உரிய வைக்கும். பூசி 28 நாளாவது ஆறட்டும். மலைக்குளிரில் அதுவும் போதாது.

ஆகவே சுவருக்குத் தண்ணீரில் கலக்கும் பெயிண்டான எமல்ஷன்தான். அதற்கும் இங்கே ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் ஆவியானதும் அக்ரிலிக் துகள்கள் ஒட்டிச் சேர்ந்து படலமாக வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே அது சரியாக நடக்காது. காய்ந்ததுபோல் தெரியும், தேய்த்தால் மாவாக விரலில் வரும். பெயிண்ட் காயாத சுவரில் மூடுபனி இறங்கினால் பழுப்புக் கோடுகள் வழியும். அது பெயிண்டில் கலந்திருக்கும் சோப்புப் பொருள். சீக்கிரமே தண்ணீரில் கழுவினால் போகும். காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, மதியம் இரண்டு மணிக்குள் பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுங்கள். வெளிச்சுவருக்கு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைதான் நல்ல காலம். கரும்பூஞ்சை இருந்தால் ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து பூசி, 20 நிமிடம் விட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பிரைமர் என்ற அடிப்பூச்சு. பூஞ்சைமேல் நேராக அடித்தால் அடுத்த மழைக்கே கறுத்துவிடும்.

மர ஜன்னல், கதவு, இரும்பு கிரில் இவற்றுக்கு எனாமல். சாதாரண எமல்ஷன் அடித்த ஜன்னலை மூடினால் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். வெறும் இரும்பில் அதை அடித்தால் துருப்புள்ளி கிளம்பும். இரும்புக்கு முதலில் ரெட் ஆக்சைடு பிரைமர். இந்தக் குளிரில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாள் முழுக்க இடைவெளி கொடுங்கள். வாடை போகும்வரை அந்த அறையில் கணப்பு மூட்டவே கூடாது. டர்பன்டைன் ஆவி தீப்பிடிக்கும். புது ஜிங்க் ஷீட்டில் எனாமலை நேராக அடிக்காதீர்கள், துத்தநாகம் அதைத் தங்கவிடாது. அதற்கென்று தனி பிரைமர் உண்டு.

பழைய பெயிண்ட் எதுவென்று தெரியவில்லையா? ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் தேயுங்கள். நிறம் பஞ்சில் வந்தால் எமல்ஷன். வராவிட்டால் எனாமல்: 180 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, பிரைமர் கொடுத்த பிறகே மேலே எமல்ஷன் ஏற்றலாம்.