பூனை இருக்கும் வீட்டுக்கு எந்த நாய்: குட்டியா, நாட்டு நாயா, வயசான சின்ன நாயா?

பூனை வளர்க்கிற வீட்டில் நாய்ப் பேச்சு எழுந்தால், "குட்டி ஏதாவது கிடைச்சா சொல்லுங்க" என்பதுதான் முதலில் வரும். குட்டியிலேயே கொண்டுவந்துவிட்டால் பூனையோடு சேர்ந்து வளர்ந்துவிடும் என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கு முழுக்கத் தப்பில்லை. ஆனால் எங்கள் கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்கிற கேரள-தமிழ்நாடு எல்லைப் பக்கத்தில் வீடு தேடி நிற்கிற நாய்களைப் பார்த்து வருகிறவன் என்ற முறையில், நான் கை காட்டுவது எட்டு, பத்து வயசான, யாரோ கைவிட்ட, சின்ன உடம்பு நாயைத்தான். இரக்கமும் ஒரு காரணம், ஆனால் முதல் காரணம் அது இல்லை. வயசான நாயின் குணம் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. பார்த்து எடுக்கலாம். குட்டியின் குணம் இனிமேல்தான் வர வேண்டும்.

போட்டியில் இருப்பவை மூன்று. ஒன்று குட்டி. இரண்டாவது, தெருவிலிருந்து எடுத்துக் கருத்தடை ஆபரேஷனும் முடித்து யாராவது வைத்திருக்கிற ஒன்றிரண்டு வயசு நாட்டு நாய். மூன்றாவது, நாம் பொமரேனியன் என்று கூப்பிடுகிற வெள்ளை ஸ்பிட்ஸ், டாஷ்ஹவுண்ட், பக், ஷிட்ஸு போன்ற சின்ன ஜாதியில் வயசானது. பிள்ளைகள் கல்ஃபுக்குப் போய், பெரியவர் காலமாகி, வீடு பூட்டப்பட்டதும் தெருவுக்கு வந்தவை இந்த மூன்றாவது கூட்டத்தில் நிறைய. ஈன்று ஈன்று ஓய்ந்த பெட்டைகளும் உண்டு. நாய் வளர்ப்பு, விற்பனைக்கு மத்திய அரசு 2017இல் கொண்டுவந்த விதிகள் 8 வயது தாண்டிய பெட்டையை ஈனவைக்கக் கூடாது என்கின்றன. சின்ன ஜாதி நாய் 12 வயசுக்கு மேலும் சாதாரணமாக இருக்கும். ஈனும் வயசு முடிந்த பிறகும் அதற்கு வருஷக்கணக்கில் ஆயுசு பாக்கி. சோறு போடத்தான் ஆள் இருக்காது.

"கெழட்டு நாய எதுக்குக் கண்ணு கூட்டியார, குட்டியா கெடைக்கல?" என்று பக்கத்து வீட்டு ஆத்தா கேட்டார்.

"குட்டி கெடைக்கும்ங்க ஆத்தா. அது வளந்து பூனையத் தொரத்துமா இல்லியான்னு ஆரு சொல்றது?"

"அதுஞ் செரிதான். ஆனா இது எத்தன நாளைக்கு இருக்கும்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலில் பூனைக் கணக்கு.

துரத்துமா?

நாய்க்குட்டி பிறந்து 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைக்கும் பார்க்கிற எல்லாவற்றையும் உலகத்தின் வழக்கம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் நிதானமான பூனை ஒன்றைத் தினமும் பார்த்தால் பெரிய லாபம். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்றும் அதே 2017 விதிகள் சொல்வதால், குட்டி நம் கைக்கு வரும்போது அந்தக் காலத்தில் பாதி போயிருக்கும். மிச்சப் பாதியை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. அடுத்து வருவது ஐந்தாறு மாச வயசு. ஓடுகிற எதையும் பிடித்துக் கடித்து விளையாட வேண்டும் அதற்கு. அது விளையாட்டுதான் என்பது பூனைக்குத் தெரியாதே! வீட்டில் இருப்பதும் பூனைக்குட்டி என்றால் இரண்டும் புரண்டு சமாளித்துக்கொள்ளும். பத்து வயசுப் பூனை அட்டாலி என்கிற பரணில் ஏறினால் சாப்பிடக்கூட இறங்காது. வயசான பூனை இருக்கிற வீட்டுக்கு நாய்க்குட்டி வேண்டவே வேண்டாம் என்பேன்.

நாட்டு நாயைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. எங்கள் வெயிலுக்கும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கும் ஏற்ற உடம்பு, அலைச்சல் தாங்கும், ஆள் வந்தால் குரல் கொடுக்கும். தோப்புக்குக் காவல் வேண்டுமென்றால் வேறு யோசனையே வேண்டாம். பூனை விஷயத்தில் மட்டும் அது இரண்டு முகம் காட்டும். டீக்கடை வாசலில் பூனையோடு ஒரே சாக்கில் சுருண்டு படுக்கிற அதே நாய், கூட இன்னொரு நாய் சேர்ந்தால் அதே பூனையைத் துரத்தும். வீட்டுக் கூடமான ஆசாரத்துக்குள் சாதுவாக இருந்துவிட்டுக் களத்தில் பாய்வதும் உண்டு. அந்த உடம்புக்கு ஒரு கடி போதும், பூனையின் கதை முடிந்துவிடும்.

வயசான சின்ன நாய் பகலில் பெரும்பகுதி தூங்கும். ஓடினாலும் நாலு எட்டுதான். ஆனால் 'சின்னது, கிழடு, ஒன்றும் செய்யாது' என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக் கூடாது. இங்கேதான் ஜாதி கணக்கில் வருகிறது.

டாஷ்ஹவுண்டை ஜெர்மனியில் உருவாக்கியதே வளைக்குள் புகுந்து பேட்ஜர் என்ற விலங்கைப் பிடிப்பதற்கு. அந்தக் குட்டைக் காலும் நீள உடம்பும் அந்த வேலைக்கான கருவிகள். வயசாகி முதுகுத்தண்டு வலித்தாலும் வேட்டைப் புத்தி போகாது. பூனைக்குட்டிகள் உள்ள வீட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன். தனியாக, பெரிய பூனையாக, நிமிர்ந்து நின்று சீறத் தெரிந்த ஒன்றாக இருந்தால் பார்க்கலாம். ஸ்பிட்ஸ் குரைத்துத் தள்ளும். காக்காய்க்கும் குரைக்கும், குக்கர் விசிலுக்கும் குரைக்கும். என் அனுபவத்தில் பூனைகள் குரைப்புக்குச் சீக்கிரம் பழகிவிடுகின்றன, துரத்தலுக்குத்தான் பழகுவதில்லை. பக், ஷிட்ஸு இரண்டும் துரத்துவது குறைவு. அங்கே ஆபத்து தலைகீழ். தட்டை முகத்தில் பிதுங்கி நிற்கிற கண்ணில் பூனையின் நகம் ஒருமுறை பட்டால் கருவிழியில் புண்ணாகிவிடும். நாய் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நீர் வடிய உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். வீட்டில் கிடக்கிற பழைய கண் மருந்தை விடவே கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் இன்னும் ஆழமாகும்.

பார்த்து எடுப்பது என்றால் என்ன?

"பூனையோடு நல்லாப் பழகும்" என்று மீட்பவர்கள் சொல்வதற்குப் பல நேரம் ஒரே அர்த்தம்தான்: அது இதுவரை பூனையைப் பார்த்ததில்லை. கூண்டு வரிசையில் இருக்கிற நாயைப் பற்றி இந்த விஷயத்தில் யாராலும் எதுவும் சொல்ல முடியாது. பூனை உள்ள வீட்டில் தற்காலிகமாகத் தங்கியிருக்கிற நாய் கிடைத்தால் அதற்குத்தான் முதல் மரியாதை.

பாலக்காட்டுச் சித்தூரில் அப்படி ஒரு வீட்டில் ஒரு ஸ்பிட்ஸ் பெட்டையைப் பார்த்தேன். சமையல்கட்டுக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் அது, பெல்ட் போட்டு. அந்தப் பக்கம் வீட்டுக்காரர்களின் சாம்பல் பூனை, அம்மிக்கல் மேல். நாய் பூனையைப் பார்த்தது, காது நிமிர்ந்தது, வாய் மூடியது. அந்த ஒரு நொடியைத்தான் கவனிக்க வேண்டும். மூடிய வாய் மூடியபடியே இருந்து, வால் விறைத்து, முன்னங்கால் ஒன்று தூக்கி நின்று, கண் இமைக்காமல் பார்த்தால் அந்த நாய் உங்களுக்கு இல்லை. இது பார்வையைத் தானாகவே விலக்கியது, தரையை முகர்ந்தது, மறுபடி ஒருமுறை பார்த்தது, கொட்டாவி விட்டு உட்கார்ந்துகொண்டது. பூனை அம்மியிலிருந்து குதித்து ஓடியபோது எழுந்து ஒரு குரை குரைத்தது, அவ்வளவுதான். நிற்கிற பூனையை விட்டுவிடுகிற நாய் ஓடுகிற பூனையை விடாமல் போகலாம் என்பதால், ஓடும்போது என்ன செய்கிறது என்று பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா என்பதும் வழக்கமான ஒரு சோதனை. வயசான நாய்க்கு இது சரிவராமல் போகலாம், பாதி கிழங்களுக்குக் காது மந்தம். முதுகில் லேசாகத் தட்டிப் பாருங்கள், மூக்கருகே ஒரு துண்டு வேகவைத்த கோழி நீட்டிப் பாருங்கள். பூனையை மறந்து கோழிக்குத் திரும்பினால் நல்ல அறிகுறி.

உடனே தத்தெடுத்துக் கையெழுத்துப் போடுவதா, சில வாரம் வைத்துப் பார்த்து முடிவெடுப்பதா என்றால், பூனை வீட்டுக்கு இரண்டாவதுதான். வந்த புதிதில் நாய் அடங்கிக் கிடப்பது சாதுத்தனம் இல்லை, மிரட்சி. வீடு பழகிய பிறகுதான் சுயரூபம் தெரியும். வைத்துப் பார்க்க ஒப்புக்கொள்ளாதவர்களிடம் நான் நாய் வாங்கமாட்டேன்.

ஆஸ்பத்திரிக் கணக்கு

இங்கே வயசான நாய் தோற்கும், ஒளிப்பதற்கில்லை. சின்ன ஜாதிக்குப் பல் கெடுவது கிட்டத்தட்ட விதி. மயக்க மருந்து கொடுத்துத்தான் சுத்தம் செய்ய முடியும், அதற்கு முன் ரத்தப் பரிசோதனை. இதய வால்வு தளர்வதும் இந்த வயசில் சகஜம். ராத்திரி இருமலாக வெளிப்படும், டாக்டர் குழாய் வைத்துக் கேட்டாலே முரமுரப்பு தெரியும். ஆபரேஷன் செய்யாத பெட்டை என்றால் கருப்பையில் சீழ் கட்டுகிற ஆபத்து இருக்கிறது. ஹீட் என்கிற இணைசேரும் பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாசத்தில் தண்ணீராகக் குடித்து, சோறு மறுத்து, சோர்ந்து கிடந்தால் காத்திருக்கவே கூடாது. ஈன்று ஓய்ந்த பெட்டைகளில் மார்க்கட்டியையும் தடவிப் பார்க்க வேண்டும்.

குட்டிக்கு வேறு கணக்கு: பார்வோ என்ற வைரஸ் நோய். 6, 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை ஊசி தவறாமல் போட வேண்டும். இப்போது சுற்றுகிற பார்வோ ரகங்கள் பூனையையும் தொற்றக்கூடியவை. பூனைகளுக்கு ஊசி போடாத வீட்டுக்கு வெளியூர்க் குட்டியைக் கொண்டுவருவது இரட்டை ஆபத்து. நாட்டு நாய்க்குச் செலவு மிகக் குறைவு, தடுப்பூசியோடு உண்ணிக் காய்ச்சலையும் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

உண்ணி மூன்றுக்கும் பொது. எங்கள் பக்கம் வெயில் காலத்தில் சுவர் இடுக்கெல்லாம் ஏறும். பூனை வீட்டுக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியது இங்கே ஒன்று உண்டு: பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்து பூனைக்கு விஷம். நாயின் முதுகில் விட்ட சொட்டு காய்வதற்குள் பூனை அதன் மேல் உரசிப் படுத்தாலே போதும், உடம்பு நடுங்கி வலிப்பு வந்துவிடும். அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டுவதும் பூனைக்கு ஆகாது. கடைக்காரர் "எல்லாத்துக்கும் போடலாம்" என்பார், நம்பாதீர்கள். நாய்க்கு வாய்வழி மாத்திரை கேளுங்கள், ரோமத்தில் எதுவும் ஒட்டாது. வயசான நாய்க்கு முன்பு வலிப்பு வந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

பஞ்சாயத்து மிருகாஸ்பத்திரியில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கும் சாதாரண வைத்தியத்துக்கும் குறை இல்லை. ஸ்கேன், பல் ஆபரேஷன் என்று போனால் மேற்கே திருச்சூர் மண்ணுத்தி வெட்டினரி கல்லூரி ஆஸ்பத்திரி, வடக்கே கோயம்புத்தூர் தனியார் கிளினிக்குகள். இந்த அலைச்சலுக்கு ஆளும் வண்டியும் இல்லாத வீடு நாட்டு நாயை எடுப்பதே நல்லது.

பூனையின் பக்கம்

எந்த நாயை எடுத்தாலும் முதல் சில நாள் தனி அறை, நாய் படுத்த துணியைப் பூனைக்கும் பூனை படுத்ததை நாய்க்கும் போடுவது, பிறகு கம்பிக் கதவு வழியாகப் பார்ப்பது. இது தெரிந்ததே. பழைய ஓட்டு வீட்டில் பூனைக்கு அட்டாலி இருக்கிறது, மாடிப்படி இருக்கிறது. கான்கிரீட் வீட்டில் அலமாரி மேல் ஒரு இடம் காலி செய்து கொடுங்கள். பூனைத் தட்டு உயரத்தில் இருக்கட்டும். பூனைத் தீனியில் கொழுப்பு அதிகம். சின்ன வயசான நாய் அதைத் திருடித் தின்று கணைய அழற்சியில் படுத்துவிடும். நாய்த் தீனியில் பூனைக்குத் தேவையான அளவு டாரின் என்ற சத்து இருக்கும் என்று நம்ப முடியாது.

கடுவன், அதாவது ஆண் பூனை, இருக்கிற வீடு இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பயந்த கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். அடிக்கடி மண் தொட்டியில் போய் உட்கார்ந்து, முக்கி, சொட்டுக்கூட வராமல் எழுந்தால் அது மலச்சிக்கல் இல்லை, உயிர் போகிற விஷயம். அன்றே ஆஸ்பத்திரி. இந்த இடத்தில்தான் வயசான நாய் ஜெயிக்கிறது: தூங்குகிற நாயைச் சுற்றிப் பூனை தன் வேகத்தில் பழகிக்கொள்ள நேரம் கிடைக்கிறது. குட்டி அந்த நேரத்தைக் கொடுக்காது.

கண் மங்கிய நாய் தூங்கும்போது பூனை அதன் மேல் தாவினால் வெடுக்கென்று கடிக்கும். அதற்குக் கோபம் என்று பெயர் வைக்க வேண்டாம். படுக்கையை நடமாட்டம் இல்லாத மூலைக்கு மாற்றினால் போதும்.

எங்கள் ஊரில் வயசான சின்ன நாய்க்கு உண்மையான எதிரி வீட்டுப் பூனை இல்லை, கேட்டுக்கு வெளியே இருக்கிற தெருநாய்க் கூட்டம். மதில் இல்லாத வீட்டில், வீதியில் நடத்திக் கூட்டிப் போகத்தான் வேண்டும் என்றால், இந்தத் தேர்வு சரிப்படாது. மதிலும் வயசான பூனையும் இருந்தால் ஸ்பிட்ஸ் கிழம்; மதிலும் பூனைக்குட்டிகளும் என்றால் பக்கோ ஷிட்ஸுவோ, நகம் வெட்டிய பூனைகளோடு; தோப்பு வீடும் வெளியே சுற்றுகிற பூனையும் என்றால், பூனையோடு வளர்ந்தது என்று தெரிந்த நாட்டு நாய்; வீட்டில் யாரும் பகலில் இல்லை என்றால் நாயே வேண்டாம், பூனை நிம்மதியாக இருக்கட்டும்.

கேரளப் பக்கம் வீடு என்றால் எந்த நாய்க்கும் பஞ்சாயத்து லைசென்ஸ் எடுக்க வேண்டும், 1998ஆம் வருஷ விதி அது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட சான்றிதழ் இல்லாமல் அது கிடைக்காது. கைவிடப்பட்ட நாய்க்குப் பழைய சீட்டு எதுவும் இருக்காது என்பதால், முதல் வேலையாக ஊசியைப் போட்டு டாக்டரிடம் தேதியோடு எழுதி வாங்கிவிடுங்கள். அதே நாளில் பூனைகளுக்கும் போட்டுவிடலாம்.