விதை வங்கியா, விளையும் நிலமா?

வறண்ட நிலத்துக் காட்டு உணவுச் செடிகளைக் காப்பாற்ற இரண்டு வழிகள் பேசப்படுகின்றன: விதையை எடுத்துக் குளிரில் பூட்டி வைப்பது, முளைக்கும் இடத்திலேயே ஊர்க்காரர்கள் கையில் விடுவது.

வங்கியின் பலம் பாதுகாப்பு. ஈரத்தைக் குறைத்து மைனஸ் 18 டிகிரியில் வைத்தால் பல விதைகள் பல பத்தாண்டுகள் தாங்கும். சிரியப் போரில் அலெப்போ விதை வங்கி கைநழுவியபோது, அங்கிருந்த ஆய்வாளர்கள் நார்வேயின் ஸ்வால்பார்ட் விதைப் பெட்டகத்தில் முன்பே போட்டிருந்த விதைகளைத்தான் 2015இல் திரும்ப எடுத்தார்கள்.

சரி, ஆனால் எந்த இலை எந்த மாதம் கசக்கும் என்று விதை சொல்லாது. கிழங்கு தோண்டும் கைகளைக் கவனியுங்கள். காய்ந்த கொடியின் தும்பைப் பிடித்தே இடம் கண்டுபிடிப்பார்கள். கிழங்கை வெட்டிக்கொண்டு, கொடி ஒட்டிய தலைப்பகுதியைக் குழியிலேயே வைத்து மண்ணைத் தள்ளி மூடுவார்கள். அடுத்த மழைக்கு அது தழைக்கும். இதை எந்த டப்பாவில் அடைப்பது?

மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் 1980களிலிருந்து விவசாயிகள் வயலில் தானாகத் துளிர்த்த மரங்களை வெட்டாமல் கழித்து வளர்த்தார்கள். சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் திரும்பியது, நாற்று நட்டதல்ல.

குறையும் உண்டு. ஆப்பிரிக்காவில் இலையும் காயும் உணவாகும் பாவோபாப் மரத்தின் கிளைகளை இலைக்காக ஓயாமல் கழித்தால் காய் குறையும். சந்தை விலை ஏறும்போது ஊர்க்கட்டுப்பாடு தளரும், நிலத்தில் உரிமை இல்லாதவர்களுக்கு இன்னும் சீக்கிரம். அப்படியும் என் ஓட்டு நிலத்துக்கே. வங்கி இருக்கட்டும், காப்பீடு மாதிரி. விதை சேகரிக்கப் போகிறவர்கள், பறிப்பவர் சொல்வதையும் உறையோடு எழுதி வைத்தால் போதும்.