49 வயதில் அடுப்படி: நட்சத்திர ஓட்டலா, கல்யாண சமையலா, டிபன் கடையா?

24 ஆண்டுகள் நூற்பாலையில் கணக்கு எழுதிவிட்டுச் சமையல் வேலைக்கு வந்தவன் நான். இதே எண்ணத்தில் இருப்பவர்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது சம்பளத்தை. அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது: அந்தச் சமையலறையில் தப்புச் செய்து திருத்திக்கொள்ள உங்களுக்கு இடம் உண்டா? 20 வயதுப் பையனுக்குக் கற்றுக்கொள்ள ஆயுள் கிடக்கிறது. நமக்கு மிஞ்சிப்போனால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்.

சுத்தத்தையும் ஒழுங்கையும் நட்சத்திர ஓட்டல்போல வேறெந்த இடமும் கற்றுத்தராது. சமைக்காத இறைச்சிக்குச் சிவப்புப் பலகை, காய்கறிக்குப் பச்சைப் பலகை. குளிர்ந்த பண்டம் 5 டிகிரிக்குக் கீழே, சூடான பண்டம் 60 டிகிரிக்கு மேலே. வருங்கால வைப்பு நிதி, இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு எல்லாம் முறையாகக் கிடைக்கும். ஆனால் எந்த வயதில் போனாலும் கமி 3 (இளநிலைச் சமையல்காரர்) என்ற கடைசிப் படியிலிருந்துதான் ஏற வேண்டும். நான் நான்கு மாதம் இருந்தேன். நான்கு மாதமும் காய் வெட்டும் பகுதிதான். வெங்காயத்தை ஒரே அளவில் நறுக்கக் கை பழகியது, அதை வதக்கிக் குழம்பு வைக்கும் வாய்ப்பு வரவில்லை. நூறு தட்டும் ஒன்றுபோல் போக வேண்டிய இடத்தில் வேலையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அதைக் குறை என்று சொல்ல மாட்டேன்.

கல்யாண சமையலில் என் பழைய தொழில் கைகொடுத்தது. ஒரு கிலோ அரிசியை எட்டுப் பேருக்கு வைப்பதா, பத்துப் பேருக்கு வைப்பதா என்பதில் தொடங்கி எல்லாமே கணக்கு. ஆனால் 600 இலை போட்ட பந்தியில் சாம்பார் அடிப்பிடித்தால் மறு சாம்பார் வைக்க நேரம் கிடையாது. அதனாலேயே புதியவனை அண்டாப் பக்கம் விட மாட்டார்கள். தேங்காய் துருவலாம், பரிமாறலாம். விடியற்காலை முகூர்த்தம் என்றால் இரவெல்லாம் விழிப்பு. ஆடியிலும் மார்கழியிலும் அடுப்பும் எரியாது, கூலியும் வராது.

இப்போது மதுரையில் 40 பேர் உட்காரும் ஒரு சைவ டிபன் கடையில் இருக்கிறேன். சரக்கு மாஸ்டருக்கு, அதாவது தலைமைச் சமையல்காரருக்கு, என் மகன் வயது. முதல் மாதம் என்னைச் "சார்" என்றார். தோசைக்கல் முன்னால் நிற்கத் தொடங்கியதும் "அண்ணே" ஆகிவிட்டேன். நான் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

இங்கே பாடமெல்லாம் மாவில் இருக்கிறது. நாலு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்பது வீட்டிலேயே தெரிந்ததுதான். மார்கழியில் அசையாமல் கிடக்கும் அதே மாவு சித்திரையில் விடிவதற்குள் பொங்கி வழிந்து புளித்துவிடும் என்பதை, ஒரு அண்டா மாவைக் கெடுத்த பிறகே உணர்ந்தேன். மாஸ்டர் கோபப்படவில்லை. அன்று வெங்காயம் தூவி ஊத்தப்பமாக ஊற்றி விற்றார். "அண்ணே, இன்றைக்கு உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் விடுங்கள், கிரைண்டர் கல் சூடேறக் கூடாது. இரண்டு மணி நேரம் தள்ளி ஆட்டுங்கள்" என்றார். மறுநாள் இட்லி சரியாக வந்தது. அன்று கெட்டதை அன்று இரவே திருத்தும் இந்த வசதி மற்ற இரண்டு இடத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

சம்பளம் என் பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை. அதிகாலை 4 மணிக்குப் போய் 11 மணிக்குத் திரும்பி, மாலையில் மறுபடி போக வேண்டும். முதல் இரண்டு மாதம் கணுக்கால் வீங்கியே இருந்தது. வீட்டில் கடன் பாக்கி இருந்தால் நட்சத்திர ஓட்டலுக்கே போங்கள். மாதச் சம்பளமும் மருத்துவ வசதியும் அங்கேதான் உறுதி.

டிபன் கடைதான் என்று முடிவெடுத்தால், சேர்வதற்கு முன் உடல் பரிசோதனை செய்து, டைபாய்டு தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கடைக்காரரிடம் மாவு எங்கே ஆட்டுகிறார்கள் என்று கேளுங்கள். வெளியிலிருந்து வாங்கும் கடை என்றால் வேறு கடை பாருங்கள்.