பண்ணை வெயிலும் கொலாஜன் பேணியும்

தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற புரதத்தைக் காப்பதற்கென்று நான் வாங்கியவற்றுள் விலை கூடியது மீன் கொலாஜன் தூள். அதிகம் உதவியது சந்தையில் எடுத்த முழுக்கைப் பருத்தி மேலங்கி. இரண்டுக்கும் இடையில் சன்ஸ்கிரீன், ட்ரெட்டினோயின், விற்றமின் சி என்று ரியூப்களும் போத்தல்களும் வந்து போயின. 2018 இல் தொடங்கிய பழக்கம். எது நிலைத்தது, எது அலுமாரியின் பின்வரிசைக்குப் போனது என்று எழுதிவைத்தால் நாற்பதைத் தாண்டும் யாருக்காவது கொஞ்சம் காசு மிஞ்சும்.

நான் ஆசிரியை, வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. வீடு யாழ்ப்பாண நகரில், பாடசாலை வேலணைத் தீவில். காலையில் கோட்டையைக் கடந்து பண்ணைப் பாலத்தில் ஸ்கூட்டியை ஏற்றினால் மண்டைதீவுச் சந்தி வரை மருந்துக்கும் நிழல் கிடையாது. இரு புறமும் கடல்நீர். ஒன்றரைக்குப் பாடசாலை விட்டுத் திரும்பும்போதும் வெயில் தலைக்கு மேல்தான் நிற்கும். காலையில் மேற்கு நோக்கிப் போகிறேன், பிற்பகலில் கிழக்கு நோக்கி வருகிறேன். ஆகையால் இரண்டு வேளையும் சூரியன் என் முதுகுப் பக்கம். முகம் ஓரளவு தப்பியது. ஹெல்மெட்டுக்கும் சேலைச் சட்டைக்கும் நடுவில் தெரியும் பிடரியும், ஹாண்டிலைப் பிடித்த புறங்கைகளும் தப்பவில்லை. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி ஒருமுறை, ஓகஸ்ட் கடைசியில் ஒருமுறை என்று ஆண்டுக்கு இருதடவை சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் மேகமில்லாத மதிய வேளையில் புறஊதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டிவிடும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் அதற்கு மேல் படி இல்லை.

கைக்கடிகாரத்தைக் கழற்றினால் விடயம் விளங்கும். பட்டியின் கீழே ஒரு விரல் அகலத்துக்குத் தோல் வழுவழுப்பாக, ஒரே நிறமாக இருக்கிறது. பட்டி முடிகிற இடத்திலிருந்து குறுக்கும் நெடுக்குமாக நுண்கோடுகள், மிளகளவு பழுப்புப் புள்ளிகள். இரண்டும் ஒரே வயதுத் தோல்தான். தோலின் நடு அடுக்கைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் கொலாஜன்தான். புறஊதாக் கதிரில் ஏ வகை அந்த அடுக்கு வரை இறங்கும். கண்ணாடி யன்னலையும் ஊடுருவும். அது பட்டதும் தோற்கலங்கள் கொலாஜனை வெட்டும் நொதியங்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. வெட்டுப்பட்ட துண்டுகள் சேரச் சேர, புதிதாக நெய்ய வேண்டிய கலங்களும் பிடிமானம் இழந்து சோர்ந்துவிடுகின்றன. பெண்களுக்கு இன்னொரு அடியும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்து ஆண்டுகளில் தோலின் கொலாஜனில் ஏறத்தாழ 30 சதவீதம் குறையலாம் என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. எனக்கு நாற்பத்தேழில் நின்றது. கன்னத்தின் தொய்வு அதற்குப் பிறகுதான் கண்ணாடியில் தெரியத் தொடங்கியது.

நம்மவர் தோலில் மெலனின் அதிகம் என்பதால் சுருக்கம் வெள்ளைக்காரரை விடப் பிந்தித்தான் வரும். ஆனால் மங்கு என்ற பழுப்புப் படலமும் திட்டும் முந்திக்கொள்ளும். ‘கறுப்பிக்கு எதற்கடி வெயில் கிறீம்?’ என்று என் பெரியம்மா கேட்டதற்கு நான் அந்த மங்கைத்தான் காட்டினேன்.

சன்ஸ்கிரீனில் முதலில் வாங்கியது எஸ்.பி.எஃப். 50 என்று போட்டிருந்த ஒரு வெள்ளைக் கிறீம். பூசிக்கொண்டு வகுப்புக்குள் போனால் திருநீற்றை முகம் முழுக்க அப்பியவள் போல இருந்தேன். ‘டீச்சர், காய்ச்சலா?’ என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டார்கள். அதிலுள்ள துத்தநாக ஒக்சைட்டும் டைட்டானியம் டையொக்சைட்டும் மாநிறத்தில் இந்தக் கூத்தைத்தான் காட்டும். பிறகு எடுத்தது சாயம் கலந்த வகை. அதில் இரும்பு ஒக்சைட்டு இருக்கிறது. மங்குக்கு அது பெரிய உபகாரம். ஏனென்றால் நம் நிறத் தோலைக் கறுக்க வைப்பதில் கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்கு உண்டு, சாதாரண சன்ஸ்கிரீன் அதை மறிப்பதில்லை. கன்னத்து மங்கு இரண்டு ஆண்டுகளில் பாதியாக மங்கியது அதற்குப் பிறகுதான்.

வாங்கும்போது எஸ்.பி.எஃப். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. அது பெரும்பாலும் தோலைச் சுடும் பி வகைக் கதிருக்கான கணக்கு. கொலாஜனுக்கு வினையாகும் ஏ வகைக்கு ‘பி.ஏ.’ என்று போட்டு அருகில் கூட்டல் குறிகள் இருக்கும்; மூன்றோ நான்கோ இருந்தால் எடுக்கலாம். அளவு இன்னும் முக்கியம். சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் முழு நீளத்துக்குப் பிதுக்கி எடுத்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். பயறளவு தொட்டுப் பூசுகிறவர்கள் 50 என்ற எண்ணுக்குக் காசு கொடுத்து அதில் சிறு பங்கைத்தான் பெறுகிறார்கள். நான் காலையில் ஒருமுறை, பாடசாலை விட முன் ஒருமுறை பூசுகிறேன். வியர்வையில் கண்ணுக்குள் இறங்கி எரிவதுதான் இதுவரை தீராத தொல்லை. புருவத்துக்கு மேல் ஒரு விரல் விட்டுப் பூசிப் பார்க்கிறேன், ஓரளவுக்குச் சரி.

சன்ஸ்கிரீன் முதுமையை உண்மையிலேயே மறிக்கிறதா என்று தோல் வைத்திய நிபுணரிடம் கேட்டேன். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நம்பூர் என்ற ஊரில் நடந்த ஆய்வைச் சொன்னார். முடிவு 2013 இல் வெளியானது. 55 வயதுக்கு உட்பட்ட 903 பேர். ஒரு பகுதியினர் நாள்தோறும் முகம், கழுத்து, கைகளில் சன்ஸ்கிரீன் பூசினார்கள். மற்றவர்கள் தங்கள் விருப்பப்படி. நாலரை ஆண்டு முடிவில் நாள்தோறும் பூசியவர்களின் தோலில் முதுமைக் குறிகள் 24 சதவீதம் குறைவாக இருந்தன. எனக்குப் பிடித்தது அந்த ஆய்வின் இன்னொரு பாதி. அவர்களில் சிலருக்கு பீட்டா கரோட்டின் என்ற சத்தின் மாத்திரையும் கொடுத்தார்கள். அதனால் மொத்தத்தில் ஒரு பயனும் காணவில்லை. பயன்படுத்திய சன்ஸ்கிரீனும் வெறும் 15 எண்தான்.

2022 இல் நாட்டின் பொருளாதார நெருக்கடியில் இந்த ஒழுங்கெல்லாம் குலைந்தது. ரூபா விழுந்தது, இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது, நான் பாவித்த ரியூப் கடைகளில் காணாமற் போனது. கிடைத்த இடத்தில் விலை இரண்டு மடங்குக்கு மேல். பெற்றோலும் இல்லாததால் ஸ்கூட்டி முற்றத்தில் கிடந்தது. பாடசாலை நடந்த நாட்களில் பழைய லுமாலா சைக்கிளில் பண்ணையைத் தாண்டினேன். வெயிலில் நிற்கும் நேரம் கூடிய அதே மாதங்களில் பூச ஒன்றும் இல்லை! அப்போதுதான் கடும் நீல நிற முழுக்கை மேலங்கியும், விரல் வரை வரும் கையுறையும், பிடரிக்கு ஒரு பருத்தித் துண்டும் வாங்கினேன். நெருக்கமாக நெய்த கடும் நிறத் துணி நல்ல சன்ஸ்கிரீனுக்குக் குறைந்ததல்ல. கரைந்து வழியாது, மறுபடி பூச வேண்டியதும் இல்லை. மெல்லிய வெள்ளைத் துணி, அதுவும் வியர்வையில் நனைந்தால், அவ்வளவாகத் தடுக்காது. நடந்து போகிறவர்களுக்குக் கறுப்புக் குடை நல்ல துணை. எங்கள் அம்மம்மாமார் சந்தைக்குக் குடையில்லாமல் போனதே இல்லை. இடையில் வந்த தலைமுறைதான் ஸ்கூட்டியில் ஏறிக் குடையைக் கைவிட்டது. நெருக்கடி தணிந்து சன்ஸ்கிரீன் திரும்பக் கிடைத்த பிறகும் மேலங்கியை விடவில்லை. இப்போது ரியூப் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும். அதனால் செலவும் பாதியாகிவிட்டது.

இதுவரை சொன்னது இருக்கும் கொலாஜனைக் காக்கும் வழி. புதிதாக நெய்ய வைப்பதற்கு ஆதாரம் திடமாக உள்ள பூச்சு ட்ரெட்டினோயின். முகப்பருவுக்கு வந்த மருந்து. நுண்சுருக்கங்களுக்கென்று அமெரிக்காவில் 1995 இல் அனுமதி பெற்றது. 2021 முதல் வைத்தியர் எழுதித் தந்தபடி 0.025 சதவீதக் கிறீமை இரவில் பூசுகிறேன். பயறளவு முழு முகத்துக்கும் போதும். இதில் மட்டும் குறைவுதான் சரி. முதல் சில வாரங்கள் சோதனைதான்: மூக்கின் ஓரம் செதிலாக உரிந்தது, வாய்க்கடை எரிந்தது, மீன் பொரிக்கும் அடுப்புச் சூடு பட்டாலே கன்னம் காந்தியது. மூன்று நாளுக்கொரு முறை, அதுவும் ஈரப்பதக் கிறீம் ஒரு பூச்சுப் பூசி அதன் மேல் என்று மாற்றிய பிறகு தோல் இணங்கியது. ஆறு மாதம் வரை கண்ணாடியில் ஒன்றும் இல்லை. ஓராண்டை நெருங்கும்போது கண்ணோரக் கோடுகள் மெலிந்தன. நெற்றி, கசங்காத புதுத்தாள் பதத்துக்கு வந்தது. வாயின் இரு பக்கமும் இறங்கும் ஆழமான மடிப்பு அப்படியே இருக்கிறது. அதற்கு எந்தக் கிறீமும் போதாது என்று வைத்தியரே சொல்லிவிட்டார். கர்ப்பிணிகளும் பிள்ளைப்பேற்றுக்குத் தயாராகிறவர்களும் இதைத் தொடக்கூடாது. என் மருமகள் கேட்டபோது கையோடு மறித்தேன். மருந்துச் சீட்டில்லாமல் எடுக்கக்கூடிய ரெட்டினோல் இதன் மெலிந்த தங்கை, வேகம் குறைவு, எரிச்சலும் குறைவு.

தூள் என் மச்சாள் கனடாவிலிருந்து கொண்டுவந்தது. முதல் பேணி மீனிலிருந்து எடுத்தது. காலைத் தேநீரில் கலந்தால் சுவை தெரியாது என்று எழுதியிருந்தார்கள்; எனக்குக் கருவாட்டுச் சட்டி கழுவிய வாசம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை குடிக்க முடியாது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை, ஆகவே தூளும் இல்லை. இரண்டாவது பேணியின் அடியில் சிறிய எழுத்தில் மாட்டுத் தோல் என்று கிடந்தது. அம்மா அதைக் குசினிக்குள்ளேயே வைக்க விடவில்லை. சைவக் கொலாஜன் என்று விற்பது கொலாஜனே அல்ல. கொலாஜன் விலங்குகளின் உடலில்தான் உண்டு. அந்தப் பொட்டலங்களில் இருப்பது விற்றமின் சியும் சில அமினோ அமிலங்களும்.

ஏறத்தாழ ஓராண்டு, இப்படி விட்டும் தொட்டும், குடித்தேன். நகம் சற்று உறுதியானது போலிருந்தது. தோலில் ட்ரெட்டினோயின் செய்ததற்கு மேலாக எதையும் என்னால் பிரித்துக் காட்ட முடியவில்லை. குடித்த கொலாஜன் குடலில் துண்டுதுண்டாகிறது. கன்னத்துக்குப் போ என்று அதற்கு முகவரி எழுதி அனுப்ப முடியாது. சிறு துண்டுகள் சில இரத்தத்தில் சேர்ந்து கலங்களைத் தூண்டக்கூடும் என்பது உண்மை, ஈரப்பதம் கூடியதாகக் காட்டும் சோதனைகளும் உண்டு. ஆனால் 2025 இல் 23 சோதனைகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த ஆய்வில், கம்பனிகளின் பணம் வாங்காத சோதனைகளை மட்டும் எடுத்தபோது பயன் தெரியவில்லை. அதை வாசித்த பிறகு மச்சாளிடம் அடுத்த முறை ரியூப் கொண்டுவரச் சொல்லிவிட்டேன். பேணியில் இப்போது அரைத்த மிளகாய்த்தூள் இருக்கிறது. மூடி நல்ல இறுக்கம்.

விற்றமின் சி சீரம் நம் வெக்கையில் தங்காது. திறந்த சில கிழமைகளில் தேயிலைச் சாய நிறத்துக்கு வந்துவிட்டது. கொலாஜன் நெய்ய உடலுக்கு விற்றமின் சி கட்டாயம் வேண்டும். அதற்குக் கொய்யாப்பழமும் நெல்லியும் இருக்கின்றன. புரதத்துக்குப் பருப்பு, முட்டை, மீன். பயற்றம்மா, கற்றாழை, நல்லெண்ணெய் எல்லாம் தோலை மெதுவாக வைக்கும். விடத் தேவையில்லை, கொலாஜனை அவற்றின் தலையில் கட்டவும் வேண்டாம். தேசிக்காயைப் பாதியாக வெட்டி முகத்தில் தேய்ப்பது மட்டும் வேண்டாம். அந்தச் சாறு பட்ட இடத்தில் வெயில் பட்டால் கொப்புளமும் மாதக்கணக்கில் போகாத கறுப்பும் வரலாம்.

கடைகளில் பெயர் தெரியாத டப்பியில் வரும் வெள்ளையாக்கும் கிறீம்களைப் பற்றி எனக்குக் கோபமே உண்டு. அவற்றில் பாதரசமும் கடுமையான ஸ்டீரொய்டும் இருப்பது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. ஸ்டீரொய்டு முதல் மாதம் முகத்தைப் பளபளக்க வைக்கும். பிறகு கொலாஜனைத் தின்று தோலை மெலிதாக்கும். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளைக்குக் கன்னத்தில் சிவப்பு நரம்புகள் வெளியே தெரிகின்றன. வெயிலில் இறங்க முடியாது, கிறீமை நிறுத்தினால் எரிகிறது. கலியாணத்துக்கு மூன்று மாதம் முன் தொடங்கினாளாம். உற்பத்தியாளர் பெயரும் உள்ளடக்கமும் அச்சிடாத டப்பியைக் காசில்லாமல் தந்தாலும் வாங்காதீர்கள்.

புறங்கைதான் எனக்கு மிச்சமுள்ள வேலை. கையுறை போட்ட பிறகு புதிய புள்ளிகள் வருவது நின்றிருக்கிறது, பழையவை போகவில்லை. இரவில் முகத்துக்குப் பூசி விரலில் மிஞ்சும் ட்ரெட்டினோயினை அங்கே தேய்க்கிறேன். முகத்துக்கு 0.05 சதவீதத்துக்கு ஏறலாம் என்கிறார் வைத்தியர். சோளகம் புழுதியோடு வீசும் மாதங்களில் தோல் ஏற்கெனவே வறண்டு கிடக்கிறது. மாரி மழை தொடங்கியதும் மாறுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சன்ஸ்கிரீனை ஸ்கூட்டிப் பெட்டிக்குள் விட்டுவிடாதீர்கள். மதிய வெக்கையில் உள்ளே எண்ணெய் வேறு, மா வேறாகப் பிரிந்துவிடும். பிரிந்ததைக் குலுக்கிப் பூசிப் பயனில்லை. நான் கைப்பையில் மதியச் சாப்பாட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்கிறேன்.